கண்ணை மூடினால் காது கேட்காது

வெளிநாட்டுக்குப் போய்வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் வெளிநாட்டிலிருந்து ஆரணிக்குப் போனதை எழுதுகிறேன். புகுந்த வீட்டுக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள், மூன்று வருடம் கழித்துச் சொந்தப் பிள்ளையைப் பார்க்கப் போய், "வாங்க வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அந்தப் பிள்ளையிடமே உபசாரம் வாங்கிப் பார்க்க வேண்டும்.

உபசரித்தவள் என் மகள் தன்ஷிகா. வயது ஐந்து. கேட்டாள் என்பதைவிடக் கத்தினாள் என்பதுதான் சரி. பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த கார் டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையெட்டும் தூரத்தில் நிற்கும் என்னிடம் பேச அவள் எடுத்தது, தெருமுனையில் போகிற ஐஸ் வண்டியைக் கூப்பிடும் குரல்.

"இவ இப்டிதான்" என்றார் கோமதி அண்ணி. "தறி ஊட்டுப் புள்ள. மெதுவா பேசினா யாருக்குக் கேக்கும்?"

அண்ணி என் கணவர் பிரபுவின் அக்கா. வீட்டுக்காரர் இறந்துபோனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். முன்னால் இரண்டு அறை, பின்னால் கொட்டகை, கொட்டகையில் நாலு பவர்லூம். பட்டுச்சேலை. காலையில் தறியைப் போட்டால் இருட்டும்வரை வீடே அதிரும். சமையலறையில் டம்ளர்கள் தானாக நகரும். நான் வேலை பார்க்கும் அயர்லாந்து ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் மறுநாள் மன்னிப்புக் கேட்பார். அங்கிருந்து வந்தவளுக்கு முதல் நாள் தலை வலித்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. நான் ஒன்றும் மகாராணி இல்லை, அதே வீட்டில் வாழ்ந்தவள்தான்.

அங்கே எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடுப்பு மாட்டுவது. ஊரான் வீட்டுக் கிழவர்களுக்கு ஊட்டிவிட்டு என் பிள்ளையை ஊரில் விட்டிருக்கிறேன் என்று சொல்லிக் காட்டாத சொந்தக்காரர் இல்லை. ரெண்டு பேர் சம்பாதித்தால்தான் வீடு நிமிரும் என்று பேசி முடிவெடுத்தபோது அதே சொந்தக்காரர்கள்தான் மாடு மாதிரித் தலையாட்டினார்கள். இப்போது விசா வந்துவிட்டது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதற்காகத்தான் இந்தப் பயணம். போனில் கேட்டபோது பிரபுவும் அண்ணியும் ஒரே குரலில், "உம் பொண்ணு, நீ கூட்டிகினு போ, நாங்க இன்னா சொல்லப் போறோம்?" என்றார்கள். ஒரே குரலில் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் மதியம் கறிக்குழம்பு. அண்ணி கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது, அதுவும் ஒரு எரிச்சல்தான். நான் சோற்றைப் பிசைந்து தன்ஷிகா வாயருகே கொண்டுபோனேன். அவள் மரியாதையாகத் தட்டைத் தள்ளிவைத்தாள். "நீங்க சாப்புடுங்க, நான் அத்தைகிட்ட சாப்புட்டுக்குறேன்." நான் அசடு வழிய அதை என் வாயில் போட்டுக்கொண்டபோது கரண்ட் போயிற்று. நாலு தறியும் சேர்ந்தாற்போல் நின்றன. வீடே வெறிச்சென்று ஆன அந்த நொடியில், அடுப்படியில் அண்ணியிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி மட்டும் தனியாக வந்து விழுந்தது.

"இவங்க எப்ப போவாங்க?"

தெருவில் கீரை விற்றுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். அண்ணி, "சின்னப் புள்ள, தெரியாம கேக்குது" என்றார். தெரியாமல் கேட்டால் பரவாயில்லையே, அவள் தெரிந்துதான் கேட்டாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்தேன். குளிர் ஊருக்கென்று ஒரு ரோஜா நிற ஜாக்கெட் வாங்கி வந்திருந்தேன், உள்ளே பஞ்சு வைத்தது. ஜிப்பை ஏற்றி இறக்கிப் பார்த்தவளுக்கு அது பிடித்துவிட்டது. ஆரணி வெயிலில் தலைக்குத் தொப்பியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, இட்லி மாவு வாங்கக் கடைக்குக் கிளம்பினாள். கழற்றச் சொன்னால் கழற்றவில்லை. வியர்வை மூக்கில் சொட்டுகிறது. கடைக்காரர், "இன்னா பாப்பா, ஜொரமா?" என்றார்.

"எங்கம்மா ஊர்ல ஐஸா கொட்டும்! அங்க கக்கூஸ்ல தண்ணியே கெடையாது, பேப்பராலதான் தொடச்சிக்குவாங்க!"

மாவு வாங்க நின்றவர்கள் எல்லாரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இவளுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். ஒருமுறை வீடியோ காலில் என் குளியலறையைக் காட்டி அந்தக் கொடுமையைச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அன்றைக்குத் தறி ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் தடதடவென்ற சத்தத்தைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்டிருக்காது. அண்ணி சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளை நிற்கவைத்துத் திட்டினேன். அவள் கண்ணிரண்டையும் இறுக்க மூடிக்கொண்டாள். திட்டுவதை நிறுத்தினால் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள். மறுபடி ஆரம்பித்தால் மூடிக்கொள்வாள். மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும், இது என்ன கூத்து என்று எனக்கு விளங்கவில்லை. பயத்தில் மூடுகிறாள் என்று நினைத்துக் கட்டிக்கொள்ளப் போனேன், நழுவி ஓடிவிட்டாள்.

இப்படிக் கத்துகிறவளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் முதல் நாளே காது சரியில்லை என்று எழுதி அனுப்புவார்கள். எனக்கும் உள்ளூரப் பயம். தறிச் சத்தத்திலேயே கிடந்த காது, உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால்? வந்தவாசியில் ஒரு காது டாக்டர் இருக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் பஸ் ஏறினோம். ஜாக்கெட்டும் கூட வந்தது.

டாக்டர் நல்ல மனுஷர். கருவியெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாக, "பூனை" என்றார். தன்ஷிகா நாற்காலியிலிருந்து இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "கைய எடுங்க டாக்டர், கேக்கல!"

அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்து மறுபடி சொன்னார். பூனை, சாவி, மிளகாய், எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்க்கத் துடித்தாள்.

"காதுல ஒரு கொறையும் இல்லம்மா" என்றார் டாக்டர். "காதை நம்பறதில்ல, அவ்ளோதான். வாயைப் பார்த்துப் படிக்குது. தறி ஊடா?"

தறி வீடுதான். எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அந்தக் கொட்டகையில் கத்திப் பிரயோஜனமில்லை என்பதால், தறிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்று வாயசைவிலேயே பேசிக்கொள்வார்கள். நான் பெரணமல்லூர்ப் பக்கம் கூலி வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். பிரபு ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்த மருமகள், நெசவு வீட்டுப் பெண் இல்லை. டீ டம்ளரோடு கொட்டகையில் நின்றால், அப்போது உயிரோடிருந்த மாமியாரும் அண்ணியும் சத்தமில்லாமல் வாயை அசைத்துவிட்டுச் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்ல, நூலைப் பத்தி" என்பார்கள். அந்த வீட்டில் நூலைப் பற்றிப் பேச அவ்வளவு சிரிப்பு இருந்தது. எனக்குக் கடைசிவரை பிடிபடாத அந்தப் பேச்சு என் மகளுக்குத் தாய்மொழியாக வந்திருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளே ஒரு விளையாட்டு ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் வாயை அசைப்பாள், நான் என்னவென்று சொல்ல வேண்டும். நான் "பஸ்ஸு" என்றால் "தப்பு". "பசிக்குது" என்றால் "தப்பு". தலையில் அடித்துக்கொண்டாள். பெரணமல்லூர் நெருங்கும்போது பஸ் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. டயர் பஞ்சர். தண்ணீர் பாட்டில் வாங்கலாமென்று நான் எழுந்தேன். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தாள். உதடு குவிந்தது, விரிந்தது, நாக்கு பல்லில் தட்டி நின்றது.

"போவாத" என்றேன்.

"கரெக்ட்டு!" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அந்தப் பாஷையில் நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான்.

அங்கே பஸ் நின்றுவிட்டால் டிரைவர் மன்னிப்புக் கேட்பார், ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே முன்சீட்டு அம்மா முறுக்கைப் பிட்டுக் கொடுத்தபடி, "எந்த ஊரு, எத்தினி புள்ளைங்க, இவளுக்கு ஏன் ஜாக்கெட்டு?" என்று முழுக் கதையையும் கறந்துவிட்டார். கண்டக்டரும் டிரைவரும் பஸ்ஸுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தன்ஷிகா கண்ணாடி வழியாகப் பார்த்து எங்களுக்குச் செய்தி வாசித்தாள்.

"டிரைவரு ஸ்டெப்னி எங்கன்னு கேக்குறாரு. கண்டக்டரு அதுவும் பஞ்சருதான், சொல்ல மறந்துட்டேன்றாரு. டிரைவரு கெட்ட வார்த்த சொல்றாரு. சொல்லட்டா?"

"வேணாம்" என்றேன். சொல்லிவிட்டாள். பஸ் சிரித்தது. கண்டக்டர் ஏறிவந்து தொண்டையைச் செருமி, "வேற வண்டி வருதுங்க, ஸ்டெப்னியில கொஞ்சம் பிரச்சன" என்றபோது மறுபடி சிரித்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு, சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "தறி ஓடுறப்போ அப்பாவும் அத்தையும் இன்னா பேசிப்பாங்க?"

"நீ வர்றத பத்தி பேசிகினு இருந்தாங்க. அத்தை சொல்லிச்சு, 'நீ வேணாம்னு வாயத் தொறக்காத, புள்ளையே வேணாம்னு சொல்லட்டும், அப்ப அவ இன்னா பண்ணுவா?' அப்பா சரிக்கான்னாரு." அந்த 'சரிக்கா'வைப் பிரபு மாதிரியே தலையைச் சாய்த்துச் சொல்லிக் காட்டினாள். "நான் கார்ல ஏறாம உருண்டு அழணும். அழுதா சைக்கிள் வாங்கித் தருவாங்க. எப்டின்னு காட்டட்டா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் இரண்டு சீட்டுக்கு நடுவில் விழுந்து, ஜாக்கெட்டோடு உருண்டு, "நான் வரமாட்டேன், அத்தைய வுட்டுட்டு வரமாட்டேன்" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். கண்ணீர்கூட வந்தது. முறுக்கு கொடுத்த அம்மா, "ஏம்மா, பச்சப் புள்ளையப் போயி கிள்ளுறியே" என்று என்மேல் பாய்ந்தார். தன்ஷிகா எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "நல்லாருக்கா?" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது.  பிரபுவும் அண்ணியும் முகத்துக்கு நேராக மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரித்த முகத்தோடு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டு, ஐந்து வயசுக் குழந்தைக்கு ஒத்திகை நடத்தியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் பேசிப் பழகிய வாய்கள், இவளுக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டன. தறிச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும் என்ற நினைப்பு.

"நீயும்தான் பொய் சொல்ற" என்றாள் திடீரென்று. "போன்ல பொங்கலுக்கு வரேன்ன. வர்ல. அப்புறம் என் பொறந்த நாளுக்கு வரேன்ன. வர்ல."

"தறி ஓடிகினு இருந்துச்சேடி? உனக்கு எப்டிக் கேட்டுச்சு?"

"உன் வாயி பெருசா பெருசா அசையுது. எல்லாரையும் வுட உன் வாயிதான் ஈஸி."

என் வாய் அப்படித்தான் ஆகியிருக்கிறது. இல்லத்தில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. முகத்துக்கு நேராக நின்று ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து பேசினால்தான் அவர்களுக்குப் புரியும். அதே வாயோடுதான் போனிலும் பேசியிருக்கிறேன். சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும், ஆற்றமாட்டாமல் என்னென்னவோ சொல்வேன். லீவு கிடைக்கும் என்று நம்பித்தான் சொன்னேன். கிடைக்கவில்லை. அதையெல்லாம் ஒன்றுவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டு, இவள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். 'வாங்க போங்க' எந்த ஊரில் கழன்று விழுந்ததென்று நான் கவனிக்கவில்லை. மாற்று வண்டி வந்ததும் ஏறினோம். நான் பிறந்த ஊர் ஜன்னலில் வந்து போயிற்று, அங்கே இறங்கி யாரிடமாவது சொல்லி அழலாமென்றால் இப்போது எனக்கு அங்கே யாருமில்லை.

நாலாம் நாள் காலை, தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். ஒரு தறியில் பிரபு, எதிரில் அண்ணி, ஓரமாகக் கூலிக்கு வரும் ஒருவர். என்னைப் பார்த்ததும் பிரபு சிரித்தார். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார், வாய் அசைந்தது. தன்ஷிகா என் காதில் கத்தினாள்.

"அப்பா சொல்றாரு, வந்தவாசியிலேருந்து வந்ததுலேருந்து இவ மூஞ்சி சரியில்லையாம்."

அண்ணி நூலைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"கெளம்புற வரைக்கும் பொறு, அழ ஆரம்பிச்சா அவளே வுட்டுட்டுப் போயிடுவான்னு சொல்லிச்சு அத்தை."

நான் இரண்டு தறிக்கும் நடுவில் போய் நின்றேன். செவிட்டுக் கிழவர்களிடம் பேசுவதுபோல வாயை நன்றாகத் திறந்து, சத்தமே போடாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "எம் பொண்ண நான் கூட்டிகினுதான் போவேன்."

அந்தக் கொட்டகையில் நான் பேசி முதல்முறையாக எல்லாருக்கும் புரிந்தது. பிரபு தறியை நிறுத்தினார். கூலிக்காரரும் நிறுத்திவிட்டு டீ குடிக்க வெளியே போனார். அண்ணி ஓட்டிய தறி கடைசியாக நின்றது.

"புள்ளைய வெச்சி வேவு பாக்குறியா ரேவதி?" என்றார் அண்ணி.

"புள்ளைய வெச்சி நாடகம் போடுறது மட்டும் நல்லாருக்கா அண்ணி? போன்லயே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"எப்டி சொல்றது? நீ பெத்தவ. எனக்கு இன்னா ரைட்டு இருக்குது?" அவர் குரல் உடைந்தது. "இவ ஜொரத்துல பெனாத்தினப்போ ராத்திரியெல்லாம் தோள்ல போட்டுகினு நடந்தேன். அதுக்கு எந்த ஊர்லயாச்சும் விசா குடுக்குறானா?"

  அது நியாயம்தான், ஆனாலும் கோபம் தீரவில்லை. பிரபுவைப் பார்த்தேன். "நீங்க இன்னாங்க சொல்றீங்க?"

அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவளையே கேளு" என்றார். ஆறு கண்ணும் பிள்ளையின் மேல் விழுந்தன. இடுப்பில் இருந்தவள் எப்போது கண்ணை மூடினாளோ, இமை இரண்டும் நடுங்க இறுக்க மூடியிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. தறி ஓடும் வீட்டில் காதைப் பொத்தி என்ன பயன்? கேட்க வேண்டாம் என்றால் கண்ணைத்தான் மூட வேண்டும்.

கன்னத்தைத் தட்டினேன். ஒரு கண்ணைத் திறந்தாள். "எங்கூட வர்றியா?" என்றேன்.

அவள் யோசித்தாள். "அங்க சைக்கிள் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்போ வரேன்."

மூன்று வருஷம் நான் ஏங்கியதற்கும் மூன்று வருஷம் அண்ணி வளர்த்ததற்கும் சேர்த்து என் மகள் சொன்ன விலை ஒரு சைக்கிள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே விலை. யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, அண்ணியாகத்தான் இருக்கும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், முந்தானையை எடுக்கவேயில்லை. பிரபு தறியைப் போட்டுவிட்டார். நல்லதோ கெட்டதோ, அவர் பதில் எப்போதும் அதுதான்.

ஐந்தாம் நாள் காலையில் இட்லி, வடகறி. அண்ணி ஊட்டிவிட்டார், நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். பருப்புப்பொடி டப்பா, தேங்காயெண்ணெய், அவள் தலைக்கு வைத்துப் படுக்கும் பழைய பாவாடை, எல்லாவற்றையும் அண்ணியே எடுத்து வைத்தார். கார் வந்தது. தன்ஷிகா ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டாள். உருளவில்லை, அழவில்லை. "டாட்டா அத்தை!" என்று தெருவே அதிரக் கத்தினாள். பிரபு முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார், விமான நிலையம்வரை வருகிறாராம்.

கார் நகர்ந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. தன்ஷிகா சீட்டில் முட்டி போட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள், நானும் திரும்பினேன். அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார். கை ஆடவில்லை. வாய் மட்டும் அசைந்தது, ஒரே வார்த்தை, திரும்பத் திரும்ப. உதடு குவிந்தது, விரிந்தது, நாக்கு பல்லில் தட்டி நின்றது.

"அத்தை இன்னாடி சொல்றாங்க?" என்றேன்.

தன்ஷிகா என் பக்கம் திரும்பினாள். என் வாயையும் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். வந்த நாளிலிருந்து ஊருக்கே கேட்கும்படி உண்மையைக் கத்திக்கொண்டிருந்த பிள்ளை, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பத்தரமா போய்ட்டு வான்னு சொல்றாங்க."

"சரிம்மா" என்றேன்.

அவள் திரும்பி நேராக உட்கார்ந்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.